மினியேச்சர் பெயிண்டிங் சாமான்: சென்னையில் எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

மேஜை விளையாட்டுகளில் வரும் குட்டிப் பொம்மைகளுக்கு நிறம் பூசுவதைத்தான் இங்கே மினியேச்சர் பெயிண்டிங் என்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 'ஸ்டார்ட்டர் செட்' என்று அழகான அட்டைப் பெட்டியில் பத்துப் பதினைந்து குட்டி பெயிண்ட், ஒரு பிரஷ், இரண்டு மூன்று பிளாஸ்டிக் பொம்மை போட்டு விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பெயிண்ட் மோசம் என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலும் நல்ல சரக்குதான். ஆனால் அதில் இருக்கும் நிறங்களில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள், பிரஷ் நான்கு பொம்மைக்குள் முனை பிரிந்துவிடும், பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் பூச வேண்டிய அடிப்பூச்சான பிரைமர் பல செட்டுகளில் இருக்கவே இருக்காது. அதே காசுக்கு சென்னையில் தேடி வாங்கினால் இரண்டு வருஷத்துக்கு ஓடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு ஆடுகிறவர்கள், வார்ஹாமர் என்ற போர் விளையாட்டுக்குப் படை சேர்க்கிறவர்கள், வீட்டில் ரெசின் என்ற திரவ பிளாஸ்டிக்கில் அச்சடிக்கும் 3டி பிரிண்டர் வைத்துப் பொம்மையாக அச்சடித்துத் தள்ளுகிறவர்கள், எல்லாருக்கும் தேவை ஒன்றுதான். 28 மிமீ, 32 மிமீ உயரத்தில் ஒரு ஆள் நிற்கிறான், அவனுக்குக் கண், பெல்ட் பக்கிள், செருப்பு வார் வரைக்கும் நிறம் வேண்டும். அதற்கு வெளிநாட்டுச் சரக்காகவே வாங்க வேண்டியவை என் கணக்கில் மூன்றுதான்: பெயிண்ட், பிரஷ்ஷால் பூசும் பிரைமர், கடைசியில் பாதுகாப்புக்குப் பூசும் பளபளக்காத மேட் வார்னிஷ். மற்றதெல்லாம் இந்த ஊரிலேயே, வேறு தொழில்காரர்களுக்காக, வேறு பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, யூடியூபில் சொல்லித்தருபவர்களில் பெரும்பாலானவர்கள் குளிர் நாட்டில் உட்கார்ந்து சொல்கிறார்கள். சென்னைக் காற்றுக்கு அந்தப் பாடத்தில் பாதி ஒத்துவராது.

பிரைமரில்தான் இங்கே அதிகம் பேர் அடிபடுகிறார்கள். எல்லா வீடியோவிலும் ஸ்ப்ரே கேனை எடுத்து நாலு வீச்சு வீசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். கேன் என்பது தீப்பிடிக்கும் சரக்கை அழுத்தி அடைத்தது, சாதாரண விமானப் பார்சலில் அனுப்ப முடியாது, அதனால் மினியேச்சர் கம்பெனிகளின் ஸ்ப்ரே இங்கே எப்போதாவதுதான் கண்ணில் படும், படும்போது விலை தலையைச் சுற்ற வைக்கும். பதிலுக்கு புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் வண்டிக்கு அடிக்கிற கிரே பிரைமர் கேன் தாராளமாகக் கிடைக்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக், மெட்டல், நன்றாக இறுகிய ரெசின், இவற்றுக்கெல்லாம் அது போதும், ஒரேயடியாக ஊற்றாமல் மெல்லிசாக இரண்டு கை அடித்தால். வளைத்தால் வளைகிற மென்மையான பிவிசி பொம்மைக்கு மட்டும் வேண்டாம், சில கேன்கள் அதன் மேல் காயாமல் பிசுபிசு என்றே நிற்கும். எந்தக் கேனாக இருந்தாலும் பொம்மை ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பொம்மைக்குப் போங்கள்.

அதற்கப்புறம் வருவதுதான் நிஜமான சிக்கல், காற்று. ஈரம் எண்பது சதவீதத்தில் நிற்கிற மாலை நேரத்தில் அடித்தால் கரைப்பான் ஆவியாகிற வேகத்தில் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, கறுப்பு பிரைமர் சாம்பல் பூத்து வெளுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நான் கேனைத் தொடுவதே இல்லை. மே மாதம் மத்தியான வெயிலில் நேர் எதிர் கதை, துளி பொம்மையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, தூளாகப் போய் ஒட்டி, முகமெல்லாம் சொரசொரப்பாகிவிடும். நல்ல நேரம் என்று பார்த்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், கடல் காற்று ஊருக்குள் வருவதற்கு முன்னால். மொட்டை மாடியில்தான் அடிக்க வேண்டும், மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டு. இதே மாதங்களில்தான் அபார்ட்மென்ட் மாமிகள் வடாம் பிழிந்து காயவைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கறுப்பு பிரைமர் பட்ட ஜவ்வரிசி வடாமுக்கு எந்த அசோசியேஷன் மீட்டிங்கிலும் மன்னிப்பு கிடையாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வயேஹோ கம்பெனியின் சர்ஃபேஸ் பிரைமர், பிரஷ்ஷால் பூசுவது. தண்ணீர் சார்ந்த பாலியூரிதேன் சரக்கு, வாசனை இல்லை, வீட்டுக்குள்ளேயே, அடைமழை பெய்தாலும் பூசலாம். கொஞ்சம் பெரிய பிரஷ், மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பூசியதும் மேலே குமிழி தெரிந்தால் காய்வதற்குள் பிரஷ் முனையால் உடைத்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் அம்மை போட்ட முகம்தான். இதன் குறை ஒன்று, முழுசாக இறுகும் முன் நகம் பட்டால் தோலாக உரிந்துவிடும். ஆகவே பூசிவிட்டு ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பல பேர் இந்த ஒரு நாளைப் பொறுக்காமல்தான் பிரைமர் சரியில்லை என்று குறை சொல்கிறார்கள். சென்னைக்கு எனக்கு ஒரே ஒரு பிரைமர்தான் வாங்கலாம் என்றால் இதைத்தான் வாங்குவேன்.

பெயிண்ட்டுக்கு வருவோம். ஸ்பெயினின் வயேஹோ, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் விற்கும் சிட்டாடல், ஆர்மி பெயிண்டர், இந்த மூன்றும்தான் இந்தியாவில் ஹாபி கடைகள் வழியாக ஓரளவு சுலபமாகக் கிடைப்பவை. மூன்றுமே நல்லது, ஆனால் டப்பா விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிட்டாடல் வருவது மூடி திறக்கும் சின்ன டப்பாவில். மூடி விளிம்பில் பெயிண்ட் கெட்டியாகி, மூடி சரியாக அழுந்தாமல், நம் ஊர் சூட்டில் உள்ளே இருப்பது மெல்ல மெல்ல இறுகும். சொட்டு மூக்கு வைத்த பாட்டில் அப்படி இல்லை, வேண்டிய அளவு ஒரு துளி, மூடினால் முடிந்தது. மூக்கு அடைத்துக்கொண்டால் ஒரு ஊக்கை விட்டுக் குத்திவிடலாம். குலுக்குவதற்கு உள்ளே ஒரு குண்டு போடச் சொல்வார்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டைப் போடாதீர்கள், தண்ணீர் பெயிண்ட்டில் துருப்பிடித்து வெள்ளையெல்லாம் செம்பழுப்பாகிவிடும். மணி மாலை கோக்கிற கடையில் கண்ணாடி மணி வாங்கிப் பாட்டிலுக்கு இரண்டு போட்டால் போதும்.

நிறங்கள் எத்தனை வேண்டும்? கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், ஒரு பழுப்பு, தோல் நிறம் ஒன்று, வெள்ளி ஒன்று, கடைசியாக ஒரு பழுப்பு வாஷ், அதாவது நிழலுக்கென்றே வரும் நீர்த்த பெயிண்ட். அவ்வளவுதான். பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் கலந்து எடுக்கலாம், கலக்கக் கற்றுக்கொள்வதும் ஆயிற்று. வாஷை மட்டும் நல்லதாக வாங்குங்கள், சிட்டாடலின் அக்ராக்ஸ் எர்த்ஷேட் மாதிரி ஒன்று. பள்ளங்களில் போய்த் தேங்கி, மேடுகளை விட்டுவிட்டு, நீங்கள் மூன்று மணி நேரம் செய்ய வேண்டிய நிழல் வேலையைப் பத்து நிமிஷத்தில் செய்து தரும். 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயிண்ட் வகையும் அதே தத்துவம்தான், வெளிர் பிரைமர் மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் வந்துவிடும். ஆனால் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பூசினால் பாதியில் ஓரம் காய்ந்து கறை விழும், இரண்டில் வையுங்கள் அல்லது திசை மாற்றி உட்காருங்கள். மஞ்சள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கறுப்பின் மேல் ஏறாது, கீழே ஒரு மண் நிறமோ இளஞ்சிவப்போ பூசிவிட்டு மஞ்சளைப் பூசுங்கள், கண் கூசும்படி வரும்.

எல்லாரும் கேட்கிற கேள்வி, தெருமுனை ஸ்டேஷனரி கடையில் ஃபெவிக்ரில் இருக்கிறதே, 15 மில்லி பாட்டில், பத்துப் பாட்டில் வாங்கினாலும் ஹாபி பெயிண்ட் இரண்டு பாட்டில் விலை வராதே, அது ஆகாதா? ஆகும், இடம் பார்த்து. துணிக்கும் பானைக்கும் மரத்துக்கும் என்று தயாரித்த பெயிண்ட் அது, அந்த வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது. 28 மிமீ முகத்தில் அதைப் பூசினால் கனமாக உட்கார்ந்து மூக்கும் உதடும் மழுங்கிப்போகும், தண்ணீர் ஊற்றி நீர்த்தால் நிறம் திட்டுத் திட்டாகப் பிரியும். ஆனால் பாறை, சுவர், இடிந்த கோபுரம், பொம்மை நிற்கும் வட்டத் தட்டின் ஓரம், இதற்கெல்லாம் ஹாபி பெயிண்ட்டைச் செலவழிப்பது பாவம், ஃபெவிக்ரில்தான் சரி. கைவினைக் கடை மெட்டாலிக் மட்டும் எதற்குமே வேண்டாம், துகள் பெரிசு, கவசம் போட்ட வீரன் கல்யாண மேடை ஜிகினா அப்பிக்கொண்டு நிற்பான்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. போர் தண்ணீர் வருகிற வீடுகளில் அதை வைத்து வாஷ் நீர்த்தால், காய்ந்ததும் கறுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு வட்டம் தெரியும். பிரஷ் கழுவ எந்தத் தண்ணீரும் ஓகே, பெயிண்ட்டோடு கலப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர், அதைவிட நல்லது பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். ஒரு லிட்டர் வாங்கினால் வருஷம் ஓடும்.

பிரஷ்தான் எனக்குப் பிடித்த அத்தியாயம், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது மூன்று சைபர் பிரஷ், அதாவது இருப்பதிலேயே ஊசி மாதிரி ஒன்று. பொம்மை சின்னது, பிரஷ்ஷும் சின்னதாக இருக்க வேண்டும் என்று கணக்கு. தப்புக் கணக்கு. நான்கு முடி வைத்த பிரஷ்ஷில் பெயிண்ட் நிற்க இடமே கிடையாது, தட்டிலிருந்து பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் சென்னைச் சூட்டில் முனை காய்ந்துவிடும், அப்புறம் கண்ணில் வைத்தால் இழுக்காது, பிறகு அழுத்துவீர்கள், கதை முடிந்தது. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் வட்டப் பிரஷ், வயிறு பருத்து முனை ஊசியாகக் கூடுவதாக ஒன்று இருந்தால் கண்மணி உட்பட எல்லாம் அதிலேயே போடலாம். முக்கியம் முனை, நம்பர் இல்லை.

பாரிமுனைப் பக்கம் ஓவியச் சாமான் விற்கிற பழைய கடை ஒன்றில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருப்பார்கள். நான் ஒரு கட்டு பிரஷ் எடுத்துக் கவரோடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரப் பெரியவர், "கவர்ல பார்த்தா என்ன தெரியும் தம்பி? பிரிச்சு தண்ணியில முக்கி ஒரு உதறு உதறுங்க. கூடுச்சுன்னா எடுங்க, இல்லேன்னா இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார். செய்யும்போதே தடவிய பிசின் முனையைப் பிடித்து வைத்திருப்பதால் புது பிரஷ் எல்லாமே அழகாகத்தான் தெரியும். தண்ணீரில் முக்கி அந்தப் பிசின் கரைந்து, ஒரே உதறலில் முடியெல்லாம் தானாக ஒரு புள்ளிக்கு வந்தால்தான் அது பிரஷ். அன்று கேம்லின் 66 சீரிஸில், அந்தப் பொன்னிற சிந்தெடிக் வகையில், பத்து முக்கினேன், ஆறு கூடியது. அந்த ஆறையும் எடுத்துக்கொண்டேன், வெளிநாட்டு பிரஷ் ஒன்றின் விலைகூட ஆகவில்லை. ஆன்லைனில் வாங்கினால் இந்த உதறல் வசதி கிடையாது, அதனால் பிரஷ்ஷை மட்டும் நேரில் போய் வாங்குங்கள் என்பேன்.

சிந்தெடிக் முனை நாளாக நாளாக ஒரு பக்கம் கொக்கியாக வளையும். கொதிக்கிற தண்ணீரில் சில நொடி முனையை மட்டும் காட்டி, விரலால் நீவி விட்டால் திரும்பும், என்றென்றைக்கும் இல்லை, கொஞ்ச நாளைக்கு. வளைந்தே போய்விட்டால் டிரை பிரஷ்ஷிங்குக்கு, அதாவது பெயிண்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுவதற்கு, வைத்துக்கொள்ளலாம். பெயிண்ட் உலோக வளையம் வரைக்கும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டாலே ஆயுள் இரட்டிப்பாகும், கடைசியில் குளியல் சோப்பில் தேய்த்துக் கழுவுங்கள், இதற்கென்று தனி சோப்பு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

கோலின்ஸ்கி முடி பிரஷ் பற்றிக் கேட்பீர்கள். வின்சர் அண்ட் நியூட்டன் 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்து கொடுத்த வரிசைதான் சீரிஸ் 7, இன்றைக்கும் மினியேச்சர்காரர்கள் சாமி மாதிரி கும்பிடுவது அதைத்தான். சைபீரிய வீசல் என்ற கீரி போன்ற பிராணியின் வால் முடி. அருமையான பிரஷ்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிராணி நம் இமயமலைப் பக்கமும் இருக்கிறது, வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைடெஸின் மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்த்ததே இந்தியாதான். பார்சல் கஸ்டம்ஸில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு பிரஷ் வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது நம் ஊர் கீரி முடி பிரஷ். பெயர் போடாமல், 'நேச்சுரல் ஹேர்' என்று மட்டும் சொல்லிச் சில இடங்களில் இன்னும் கைமாறுகிறது. முனை கரும்பழுப்பு, நடுவில் வெளிறிய பட்டை என்று முடியிலேயே நிறம் மாறி மாறித் தெரிந்தால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு இதற்கென்றே 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்று பெயர் வைத்து ரெய்டு நடத்தியது. சட்டத்தை விடுங்கள், ஒரு பிரஷ்ஷுக்காகக் கீரியைக் கொல்வதா?

வெட் பேலட், அதாவது கலக்கும் பெயிண்ட்டைக் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டு, இந்த ஊரில் ஆடம்பரம் இல்லை, அவசியம். மேலே சொன்ன சூட்டில் சாதாரணத் தட்டில் வைத்த துளி ஐந்து நிமிஷம் தாங்காது. இதற்கும் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பெட்டி விற்கிறார்கள், தேவையே இல்லை. இறுக்கமாக மூடும் தட்டையான டப்பா ஒன்று, அடியில் சமையலறை ஸ்பான்ஜ் துணி, அதன் மேல் கேக் செய்கிறவர்கள் ட்ரேயில் விரிக்கிற பேக்கிங் பேப்பர். ஸ்டேஷனரி கடையில் படம் வரைய விற்கும் பட்டர் பேப்பர் வேண்டாம், நனைந்ததும் சுருங்கிக் கிழியும். மூடி வைத்தால் கலந்த நிறம் மறுநாளும் அப்படியே இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் திறந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், பூஞ்சைக்குச் சென்னை சொர்க்கம். ஸ்பான்ஜுக்கு அடியில் உரித்த செம்புக் கம்பி ஒரு துண்டு போட்டு வையுங்கள், பூஞ்சை பிடிப்பது வெகுவாகத் தள்ளிப்போகும். இரவில் டப்பாவை ஃபிரிட்ஜில் வைப்பதும் நல்லது, வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு.

கருவிகளுக்குச் சௌகார்பேட்டை. நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடைகளில் நுணுக்க அரம், கூர் இடுக்கி, விரலால் சுழற்றும் கை டிரில், தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி எல்லாம் ஹாபி முத்திரை இல்லாமல், அதனாலேயே மலிவாகக் கிடைக்கிறது. அன்றாடம் தங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கான தரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டர் மட்டும் ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கம்பி வெட்டும் சைடு கட்டர். அங்கேயே ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கிடைக்கும், ரெசின் பிரிண்ட் கழுவ. மேஜை விளக்கும் அங்கேயே, ஆனால் வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் நிறம் உண்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள், டப்பாவில் அதற்கான அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். பிடிமானத்துக்குக் காலி மாத்திரை டப்பாவின் மேல் ஃபேபர்-காஸ்டெல் டாக்-இட் கொஞ்சம் உருட்டி வைத்துப் பொம்மையை ஒட்டிக்கொண்டால் போதும், வியர்வைக் கை பொம்மையில் படாது.

பசை விஷயத்தில் மட்டும் சென்னைக்கு யோகம். ஃபெவிக்விக் வகைப் பசை இறுகுவதற்குக் காற்றின் ஈரம்தான் வேண்டும், ஆகவே இங்கே படார் என்று பிடிக்கும். கூடவே ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும், அதனால் பிரைமருக்கு முன்னாலேயே ஒட்டு வேலையை முடித்துவிடுங்கள். இடைவெளி அடைக்க எம்-சீல் போதும், பைப்புக்கு வாங்கியதில் மீந்திருந்தால் இன்னும் நல்லது, முக நுணுக்கம் செதுக்கத்தான் அது உதவாது.

பொம்மை நிற்கும் தரைக்குக் கொளத்தூர் போங்கள். மீன் தொட்டிக் கடைகளில் பொடி மணல், கூழாங்கல் சன்னமாகச் சலித்தே கிடைக்கும். பெசன்ட் நகர் மணலை அள்ளிக்கொண்டு வருபவர்கள் நாலு தண்ணீர் அலசுங்கள், உப்பு. நாட்டு மருந்துக் கடை வெட்டிவேர் ஒரு கட்டு வாங்கினால் நூறு பொம்மைக்கு மர வேர் ரெடி, வேலை செய்யும்போது அறையும் மணக்கும். புல் மட்டும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மாடல் செய்ய வாங்குகிற கடைகளில் பாருங்கள், நிறம் கொஞ்சம் கிளிப்பச்சையாக இருக்கும், மேலே பழுப்பு வாஷ் ஒரு பூச்சு கொடுத்தால் அடங்கும்.

வார்னிஷில் சிக்கனம் பார்க்காதீர்கள். விளையாட்டு மேஜையில் பொம்மையை எண்ணெய்க் கையோடு எடுப்பார்கள், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே எடுக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஸ்ப்ரே வார்னிஷ் மழைக்காலத்தில் அடித்தால் பிரைமரில் சொன்ன அதே வெளுப்பு இங்கேயும் வரும், இங்கே வந்தால் முடித்த வேலையின் மேல் வரும். பிரஷ்ஷால் பூசும் பாட்டில் வார்னிஷ், முதலில் கிளாஸ் ஒரு பூச்சு பாதுகாப்புக்கு, காய்ந்ததும் மேட் ஒரு பூச்சு பளபளப்பைக் கொல்ல. மேட் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், மங்கல் தருகிற பொடி அடியில் தங்கியிருக்கும், குலுக்காமல் எடுத்தால் ஒருநாள் பளபளக்கும், அடுத்த நாள் வெண்மையாகப் படியும். பள்ளங்களில் தேங்க விடாதீர்கள். இதே பாட்டிலைத்தான் நவராத்திரிக்கு முன்னால் அத்தை வீட்டு கொலு பொம்மைகளுக்கும் எடுத்துப்போகிறேன். மூக்கு உதிர்ந்த செட்டியாருக்கு எம்-சீல் மூக்கு, மேலே தோல் நிறம், மேட் ஒரு பூச்சு. கடை வைத்திருக்கிற செட்டியார் பளபளக்க வேண்டும் என்று அத்தைக்கு அபிப்பிராயம், அதனால் அவருக்கு மட்டும் கிளாஸோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாரிமுனை, சௌகார்பேட்டை, ரிச்சி தெரு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போங்கள், வண்டியை எடுக்காமல் ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்தே முடித்துவிட்டு, திரும்பும்போது கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் ரிச்சி தெருவும் ஆகிவிடும்.